அப்பாவின் கவுண்டரும் பாடி பஸ் ஸ்டாப்பும்

1997-ல் சென்னைக்கு வேலைக்கு வந்தேன். வில்லிவாக்கத்தில் ஒரு மாடி அறை, அம்பத்தூர் எஸ்டேட்டில் ஆபீஸ். இரண்டு மாதம் கழித்து அப்பா லீவு போட்டுவிட்டு மதுரையிலிருந்து என்னைப் பார்க்க வந்தார். மறுநாள் காலை "ஆபீஸ் இருக்க இடத்தைப் பாத்துட்டு வந்துர்றேன் பாப்பா" என்று என்னோடு பஸ் ஏறினார். பாடி வந்ததும் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவர் ஒவ்வொரு போர்டாக வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தார்.

"லூகாஸ் டிவிஎஸ். ரெண்டாவது ரேக்கு."

எனக்குப் புரியவில்லை.

"பிரேக்ஸ் இண்டியா. அது நாலாவது. வீல்ஸ் இண்டியா… ரிம்மை ரேக்ல ஏத்த முடியாது, அது குடோன்ல கிடக்கும். சுந்தரம் கிளேட்டன். ஏர் பிரேக் சாமான், அதுக்குத் தனி அலமாரி."

அவர் குரலில் இருந்தது பெருமையா, ஆச்சரியமா என்று இன்றைக்கும் என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. முப்பது வருஷத்துக்கு மேலாக அட்டைப்பெட்டிகளின் மேல் படித்த பெயர்களை அன்றைக்குத்தான் அவர் முதன்முதலாகக் கட்டடங்களின் மேல் படித்தார்.

அப்பா மதுரையில் டிவிஎஸ்ஸில் ஸ்பேர் பார்ட்ஸ் கவுண்டரில் வேலை பார்த்தவர். 1964-ல் சேர்ந்து 2000-ல் ஓய்வு பெற்றார். வெளியூரில் யாரிடமாவது "அப்பா டிவிஎஸ்ல இருந்தார்" என்று சொன்னால் உடனே மொபெட்டைப் பற்றிப் பேசுவார்கள். டிவிஎஸ் 50 வந்தது 1980-ல், ஓசூரிலிருந்து. மதுரைக்காரர்களுக்கு டிவிஎஸ் என்ற சொல் அதற்கு எழுபது வருஷம் மூத்தது. எங்களுக்கு அது வண்டி செய்கிற கம்பெனியாகத் தெரியவில்லை. அடுத்தவர் செய்த வண்டியை விற்று, அது ஓடும் காலம் வரைக்கும் கூடவே நின்ற கடையாகத்தான் தெரியும். அந்தக் கடையைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக மனதில் இருந்தது.

டிவிஎஸ்ஸைத் தொடங்கிய டி. வி. சுந்தரம் ஐயங்கார் பிறந்தது 1877-ல், நம்பி கோயில் இருக்கும் திருக்குறுங்குடியில். தன் அப்பாவின் விருப்பத்துக்காக வக்கீல் தொழிலில் இறங்கினார். பிறகு ரயில்வேயில் இருந்தார், ஒரு வங்கியிலும் இருந்தார். நிரந்தரச் சம்பளம் தந்த எல்லாவற்றையும் விட்டுவிட்டு, மோட்டார் வண்டியையே பலர் பார்த்திராத காலத்தில் பஸ் விடப் போனார். கம்பெனி தன் வயதை 1911 முதல் கணக்கு வைக்கிறது. டி. வி. சுந்தரம் ஐயங்கார் அண்டு சன்ஸ் என்ற பெயரில் இருக்கும் 'சன்ஸ்' வெறும் அலங்காரம் இல்லை. ராஜம், சந்தானம், ஸ்ரீனிவாசன், கிருஷ்ணா என்று மகன்கள் ஒவ்வொருவரும் பிற்பாடு ஒவ்வொரு கிளையைத் தாங்கினார்கள். மகள் சௌந்தரம் வேறு வழியில் போனார். இளம் வயதிலேயே கணவரை இழந்தவர், டெல்லிக்குப் போய் டாக்டருக்குப் படித்தார், காந்தியவாதி ஜி. ராமச்சந்திரனை மணந்தார், 1947-ல் அவரோடு சேர்ந்து சின்னாளப்பட்டி பக்கத்தில் காந்திகிராமத்தைத் தொடங்கினார். என் அம்மாவுக்கு அந்தக் குடும்பத்தில் மரியாதை அதிகம் இருந்தது இந்த மகளிடம்தான். "கம்பெனி யார் வேணா நடத்தலாம், அந்தம்மா மாதிரி எந்திரிச்சு நிக்கிறதுதான் கஷ்டம்" என்பார்.

பஸ்ஸைப் பற்றிய கதைகள் மதுரைப் பக்கம் எல்லார் வாயிலும் உண்டு. டிவிஎஸ் பஸ் வருவதைப் பார்த்துக் கடிகாரத்தைச் சரிசெய்துகொள்வார்கள் என்பது ஒன்று. இன்னொன்று ஆணிக் கதை. அந்தக் காலத்தில் ரோடு மாட்டு வண்டிகளின் ரோடு. லாடத்திலிருந்து கழன்ற ஆணிகள் வழி முழுக்கக் கிடக்கும், பஸ் டயரில் ஏறும். அதற்காகக் காந்தம் பொருத்திய வண்டி ஒன்றை பஸ்ஸுக்கு முன்னால் ஓட்டி ஆணிகளைப் பொறுக்க வைத்தார் ஐயங்கார். இதைச் சொல்பவர்கள் அவருடைய மூளையைப் புகழ்வார்கள். அப்பா மட்டும் வேறு மாதிரி சொல்வார்: "பஞ்சர் ஆனா ஒட்டிக்கலாம்னுதான் எல்லாரும் நினைப்பாங்க. பஞ்சர் ஏன் ஆவுதுன்னு ரோட்டுல குனிஞ்சு பாத்திருக்காரு பாரு." இந்த ஒரு வாக்கியத்தைக் கையில் வைத்துக்கொண்டால் அந்தக் கம்பெனியின் அடுத்த ஐம்பது வருஷத்தைப் புரிந்துகொண்டுவிடலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

தன் பஸ்ஸைத் தானே ஓட்டி, தானே ரிப்பேர் பார்த்து, எது தேயும், எது உடையும் என்று தெரிந்துகொண்ட பிறகு வண்டி விற்க வந்தவர் அவர். கார் கண்ணாடிக் கூடத்தில் பளபளப்பைக் காட்டி விற்கும் வியாபாரம் அல்ல அது. ஜெனரல் மோட்டார்ஸ் 1928-ல் பம்பாயில் வண்டி பூட்டும் தொழிற்சாலை வைத்தது. பெட்டிகளில் பாகங்களாக வந்து இறங்கி, இங்கே முழு வண்டியாகி வெளியே போகும். செவர்லே கார்களும் லாரி சேஸிகளும் தெற்கே வந்து சேர்ந்த வழி டிவிஎஸ்ஸின் சுந்தரம் மோட்டார்ஸ். 1950-களில் இந்தியாவிலேயே ஜெனரல் மோட்டார்ஸின் மிகப் பெரிய விநியோகஸ்தராக அது இருந்தது. பம்பாயும் கல்கத்தாவும் இருக்க, அந்த இடத்தைப் பிடித்தது மதுரையில் வேர்விட்ட ஒரு கம்பெனி.

தாத்தாவைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். அவர் டிவிஎஸ் பஸ்ஸில் கிளீனராகச் சேர்ந்து டிரைவர் ஆனவர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் பஸ்கள் நிற்கத் தொடங்கியபோது, டிவிஎஸ் சொந்தமாகக் கரிவாயு பிளாண்ட் செய்தது. பஸ்ஸின் பின்னால் ஒரு பெரிய இரும்பு உருளை. அதில் அடுப்புக்கரியைப் போட்டுக் காற்றைக் குறைவாக விட்டு எரித்தால் வரும் வாயுவைக் குளிரவைத்து, வடிகட்டி, இன்ஜினுக்கு அனுப்புவது. தாத்தாவின் அன்றைய வேலை விடிவதற்கு முன்னால் தொடங்கும். சாம்பலை வாரிக் கொட்டி, கரி போட்டுப் பற்றவைத்து, வாயு சரியாக வரும்வரை கையால் காற்றாடியைச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பெட்ரோல் அளவுக்கு இழுவை இருக்காது. மேட்டில் ஆட்கள் இறங்கி நடப்பார்கள், மேலே போய் மறுபடி ஏறிக்கொள்வார்கள். "மூக்கைச் சிந்தினா கரியா வரும்" என்று தாத்தா சொல்வார். கடைசிவரைக்கும் அடுப்புக்கரி வாசனை வந்தால் ஒரு நிமிஷம் பேச்சை நிறுத்திவிடுவார்.

டயரும் அப்படித்தான். புது டயர் கிடைக்காத நாட்டில் தேய்ந்த டயரின் மேல் புது ரப்பரை ஏற்றி ஓட்ட வேண்டும். அதற்கும் ஒரு ரீட்ரேடிங் தொழிற்சாலை வைத்தார்கள். இல்லாததை எண்ணி உட்கார்ந்துவிடாமல் ஒவ்வொன்றாகச் செய்துகொண்டே போயிருக்கிறார்கள்.

பிறகு வந்தது பெரிய அடி. உதிரி பாகங்களை இறக்குமதி செய்து பூட்டி மட்டும் விற்பவர்களுக்கு இனி இடமில்லை, படிப்படியாக இங்கேயே தயாரிப்பவர்கள் மட்டும் இருக்கலாம் என்று 1953-ல் அரசு முடிவெடுத்தது. ஜெனரல் மோட்டார்ஸ் 1954-ல் பம்பாய்த் தொழிற்சாலையை மூடியது. ஃபோர்டும் போனது. 1955-ல் சுந்தரம் ஐயங்கார் காலமானார்.

ஒரு டீலருக்கு இது எப்படிப்பட்ட நிலைமை என்று யோசித்துப் பாருங்கள். விற்ற வண்டிகள் மாவட்டம் மாவட்டமாக ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றைச் செய்த கம்பெனி கப்பலேறிவிட்டது. வண்டி வாங்கியவருக்கு அமெரிக்கா தெரியாது, கவுண்டர்தான் தெரியும். உடைந்த சாமானைக் கோணியில் சுற்றி எடுத்துக்கொண்டு அவர் கவுண்டருக்குத்தான் வருவார்.

பாடியில் அப்பா படித்த போர்டுகள் எல்லாம் இதற்குப் பிந்திய சில வருஷங்களில் முளைத்தவை. வீல்ஸ் இண்டியா 1960-ல். லூகாஸ் டிவிஎஸ், பிரேக்ஸ் இண்டியா, சுந்தரம் கிளேட்டன் எல்லாம் அதை ஒட்டி அறுபதுகளின் தொடக்கத்தில். போல்ட்டும் நட்டும் செய்யும் சுந்தரம் ஃபாஸ்னர்ஸ் 1966-ல். வெளிநாட்டுக் கம்பெனிகளின் கூட்டு, அரசின் உள்நாட்டுத் தயாரிப்புக் கொள்கை, லைசென்ஸ் என்று இதற்குப் பல காரணங்களை எழுதுவார்கள். அவை எல்லாம் உண்மைதான். ஆனால் எதைச் செய்ய வேண்டும் என்ற பட்டியல் எங்கிருந்து வந்தது? பிரேக், செல்ஃப் மோட்டார், டைனமோ, ரிம், போல்ட். லாரிக்காரர் கவுண்டரில் வந்து கேட்கும் வரிசை அதுவேதான். எது இல்லை என்று தினமும் சொல்லிச் சொல்லி வாய் வலித்த இடத்திலிருந்து அந்தத் தொழிற்சாலைகள் புறப்பட்டன என்று நான் நம்புகிறேன். வரலாறு எழுதுகிறவர்கள் பஸ்ஸிலிருந்து நேராகத் தொழிற்சாலைக்குத் தாவிவிடுகிறார்கள். நடுவில் ஒரு கவுண்டர் இருந்தது.

பணத்துக்கும் இதே கதைதான். ஒற்றை லாரி வைத்துப் பிழைக்க நினைத்த டிரைவருக்கு அன்றைய வங்கிகள் கடன் தரவில்லை. வண்டி வேண்டும் என்று வருகிறவரிடம் பணம் இல்லை. 1954-ல் டி. எஸ். சந்தானம் 2 லட்சம் ரூபாய் மூலதனத்தில் சுந்தரம் ஃபைனான்ஸைத் தொடங்கினார். லாரியை வாங்கி ஓட்டி, ஓட்டிய வருமானத்தில் தவணை கட்டி, கட்டி முடித்ததும் சொந்தமாக்கிக்கொள்ளலாம். எங்கள் தெருவிலேயே கிளீனராக இருந்து முதலாளி ஆனவர் ஒருவர் உண்டு. கடைசித் தவணை கட்டிய அன்று லாரிக்கு மாலை போட்டு, தெருவுக்கே கேசரி கொடுத்தார். அப்போது நான் மூன்றாவது படித்துக்கொண்டிருந்தேன். லாரியின் படியில் ஏறி உட்காரவைத்தார்.

மேலவெளி வீதியில் டிவிஎஸ் கட்டடம். ரயில்வே ஸ்டேஷனில் இறங்கி வெளியே வந்தால் எட்டு வைக்கும் தூரம். சின்ன வயதில் அப்பாவுக்குச் சாப்பாட்டுத் தூக்கு எடுத்துக்கொண்டு நானும் தம்பியும் போவோம். எனக்கு நினைவில் இருப்பது வாசனை. கிரீஸ், புது ரப்பர், அட்டை, இரும்பு துருப்பிடிக்காமல் இருக்கத் தடவிய எண்ணெய் எல்லாம் கலந்த ஒன்று. அந்த வாசனை அப்பாவின் சட்டையோடு வீட்டுக்கும் வரும். நீளமான மேசைக்கு அந்தப் பக்கம் அப்பா, இந்தப் பக்கம் ஆட்கள். உசிலம்பட்டி, தேனி, விருதுநகர், சிவகாசி, ராஜபாளையம் என்று ஊரெல்லாம் அங்கே நிற்கும்.

அப்பா சாமானைப் பார்ப்பதற்கு முன் தொட்டுப் பார்ப்பார். ஒரு ஆயில் சீலைக் கையில் வாங்கி விரல்களுக்கு நடுவே ஒரு உருட்டு உருட்டினால் எந்த வண்டி, எந்த இடம் என்று சொல்லிவிடுவார். பிறகுதான் கேட்லாக்கைத் திறந்து நம்பரைச் சரிபார்ப்பார். "கை சொன்னா போதாது, புத்தகமும் சொல்லணும்" என்பார். ஒவ்வொரு ரேக்கிலும் ஒரு அட்டை தொங்கும். எத்தனை வந்தது, எத்தனை போனது, மிச்சம் எத்தனை என்று அன்றன்றைக்கே எழுதிவிட வேண்டும். அவருடைய எண்கள் நிமிர்ந்து நிற்கும். என்னுடைய 4-ம் 7-ம் இன்றைக்கும் அவருடைய 4-ம் 7-ம்தான்.

அவர் காலத்தில் லேலண்டும் மகேந்திரா ஜீப்பும் அங்கே நிறைய. லேலண்ட் எண்ணூரில் செய்யப்பட்டது என்பதால் சாமான் சென்னையிலிருந்தே வரும். இருந்தாலும் பற்றாக்குறை விட்டபாடில்லை. வருவது பத்து, கேட்பது நாற்பது பேர். அப்பா ஒரு நோட்டு வைத்திருந்தார். யார் எப்போது கேட்டார், வண்டி ஓடுகிறதா நிற்கிறதா என்று இரண்டு கட்டம். சாமான் வந்ததும், நிற்கும் வண்டிக்கு முதலில். நின்றுபோன வண்டிகளுக்குள் கேட்ட தேதி வரிசை. பத்து லாரி வைத்திருந்த ஒருவர் ஒரு தடவை கூடுதலாகப் பணம் நீட்டினாராம். அப்பா நோட்டைத் திருப்பி அவர் பக்கம் வைத்து, "நீங்களே பாத்துச் சொல்லுங்கண்ணே, இதுல யாரை அடிக்கட்டும்?" என்றாராம். அவர் படித்துப் பார்த்துவிட்டு, தனக்கு முன்னால் இருந்த பெயரைக் காட்டி, "இந்தாளு எங்க ஊருதான், ஒத்த வண்டி வச்சிருக்கான், அவனுக்கே குடுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாராம். அப்பா இந்தக் கதையைத் தன்னைப் பற்றிச் சொல்ல மாட்டார், அந்த முதலாளியைப் பற்றித்தான் சொல்வார்.

ஒரு ராத்திரி எனக்கு நேரடியாகத் தெரியும். மணி பதினொன்று இருக்கும், கதவைத் தட்டுகிறார்கள். ஆண்டிபட்டி கணவாயில் ஒரு லாரி படுத்துவிட்டது. பின் ஆக்சில் முறிந்துவிட்டது, வண்டி நிறையத் தக்காளி. டிரைவர் இன்னொரு லாரியில் தொற்றிக்கொண்டு மதுரை வந்து, விசாரித்து விசாரித்து எங்கள் வீட்டைக் கண்டுபிடித்திருக்கிறார். குடோன் சாவி அப்பாவிடம் இருக்காது. சட்டையை மாட்டிக்கொண்டு, டிரைவரைச் சைக்கிள் பின்னால் ஏற்றிக்கொண்டு அதிகாரி வீட்டுக்குப் போனார். அவரும் எழுந்து வந்து, வாட்ச்மேனைச் சாட்சிக்கு வைத்து, ரிஜிஸ்தரில் மூன்று பேரும் கையெழுத்துப் போட்டு ஆக்சிலை எடுத்துக் கொடுத்தார்கள். அப்பா திரும்பி வந்தபோது அம்மா முழித்திருந்தார். "வண்டி கிளம்பிருமா?" என்று மட்டும் கேட்டார். அப்பா, "விடியறதுக்குள்ள கணவாயை எறங்கிரும்" என்றார். ஒரு வாரம் கழித்து அந்த டிரைவர் ஒரு கூடைத் தக்காளியோடு வந்து நின்றார்.

1972-ல் தனியார் பஸ்கள் அரசுடைமை ஆனபோது டிவிஎஸ் பஸ்களும் தடங்களும் பாண்டியன் போக்குவரத்துக் கழகமாக மாறின. சித்தப்பா அப்போது கண்டக்டர். சட்டைப் பையில் இருந்த எழுத்து மாறியது, அவர் ஏறிய வண்டி அதேதான். தாத்தாவுக்கு மட்டும் அது தாங்கவில்லை. ஒரு வாரம் திண்ணையில் உட்கார்ந்து, போகும் பஸ்ஸையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாராம். எங்கள் வீட்டில் அரசுடைமை நல்லதா கெட்டதா என்று பல வருஷம் பேச்சு ஓடியது. பிறகு கிராமங்களுக்கு வந்த தடங்களை நினைத்தால் சித்தப்பா பக்கம்தான் நான். ஆனால் தாத்தா தன் கையால் கரி போட்டு ஓட்டிய வண்டி அது. அந்த வலியையும் நான் ஒதுக்க மாட்டேன்.

பஸ் போய்விட்ட பிறகும் கடை நின்றது. வண்டி விற்பதும், சாமான் கொடுப்பதும், ஒர்க்‌ஷாப்பும் அப்படியே தொடர்ந்தன. 2022-ல் குடும்பத்துக் கிளைகள் தங்களுக்குள் கம்பெனிகளைப் பிரித்துக்கொண்ட செய்தி பேப்பரில் வந்தபோது அப்பா அதை இரண்டு தடவை படித்தார். எதுவும் சொல்லவில்லை. பேப்பரை மடித்துத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டார்.

போன தை மாதம் அப்பா சென்னையில் என்னோடு இருந்தார். எண்பது தாண்டிவிட்டது, கண் மங்கல். என் காரை சர்வீஸுக்கு விடப் போனபோது தானும் வருகிறேன் என்றார். இங்கே பக்கத்தில் இருக்கும் ஒரு டீலர். ஏசி அறை, சோபா, காபி எல்லாம் கொடுத்தார்கள். அப்பா சோபாவில் உட்காரவில்லை. பார்ட்ஸ் கொடுக்கும் ஜன்னல் எங்கே என்று கேட்டு, என் தோளைப் பிடித்துக்கொண்டு அங்கே போய் நின்றார். உள்ளே ஒரு பையன், கம்ப்யூட்டரில் நம்பர் அடித்துக்கொண்டிருந்தான். அப்பா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "தம்பி, மிச்சம் எத்தனைன்னு அதே காட்டிருமா?" என்று கேட்டார். "காட்டும் ஐயா" என்று அவன் திரையைத் திருப்பிக் காட்டினான். அப்பா கண்ணைச் சுருக்கி அந்தக் கட்டங்களைப் படித்தார். வந்தது, போனது, மிச்சம்.

கிளம்பும் நேரம், "கழட்டுன பழைய ஃபில்டரைக் குடுங்க" என்றார். மாற்றிய சாமானின் பழசை வண்டிக்காரர் கையில் கொடுக்காமல் அவர் ஒரு நாளும் பில் போட்டதில்லை. பையன் உள்ளே போய்த் தேடி, ஆயில் சொட்டும் ஃபில்டரைத் தினத்தந்தித் தாளில் சுற்றி எடுத்து வந்தான். அப்பா தாளைப் பிரித்து, விரல்களுக்கு நடுவே அதை ஒரு சுற்று உருட்டிப் பார்த்தார்.

"சரியாத்தான் மாத்திருக்காங்க" என்றார். வீடு வரும்வரை அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். வேட்டியில் கறை பட்டதை நான் சொல்லவில்லை.